நிலமும் மாந்தரும்: தரமணி தரும் பூகோள பாடம்

மேல்நிலைப் பள்ளியிற் பூகோளம் பயில்வோர் அதனை இரு கூறாகப் பயில்கின்றனர். மத்திய அரசுப் பாடத்திட்டத்தில் பதினோராம் வகுப்பிற்கு இயற்கைப் பூகோளமும், பன்னிரண்டாம் வகுப்பிற்கு மானிடப் பூகோளமும் அடிப்படைப் பாடங்களாம். பயிற்றுதற்கு இப்பகுப்பு எளிதே. ஆயினும், முன்னாண்டிற் கற்றதைப் பின்னாண்டில் மறக்கும் மாணவனுக்கு இதுவே இடராய் முடியும். தரமணியைச் சான்றாகக் கொண்டு இதனை விளக்குவாம்.

முதற்கண் இயற்கையை நோக்குவோம். தரமணி கடற்கரைச் சமவெளியில் அமைந்தது. அதன் கிழக்கே பக்கிங்காம் கால்வாயும், அப்பால் வங்கக் கடலும் உள்ளன. தெற்கே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் பரந்து கிடக்கின்றது. இத்தகைய நிலத்தைக் 'கழிவெளி' என்பது மக்கள் வழக்கு. சொல்லே நிலத்தின் இயல்பை உரைத்தல் காண்க. சூழவுள்ள ஏரிகளின் மிகைநீர் இங்குத் தங்கி, ஒக்கியம் மடுவின் வழியே கால்வாயை அடைந்து, கோவளத்தருகே கடலிற் கலக்கும். நிலச்சரிவு மிகக் குறைவாதலின் நீர் மெல்லவே வடியும். சென்னையின் ஆண்டு மழையிற் பாதிக்கு மேற்பட்டது அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவக்காற்றாற் பெய்வது. அத்துணை நீரும் சிலகாலம் தங்குதற்கு ஓர் இடம் வேண்டுமன்றோ?

இனி மாந்தரை நோக்குவோம். 2000-ஆம் ஆண்டில் தரமணியில் டைடல் பூங்கா திறக்கப்பெற்றது. 2007-இல் பறக்கும் ரயில் இவ்வழியே வேளச்சேரியை எட்டியது. தொழில் வந்தவிடத்து மக்கள் வந்தனர். மக்கள் வந்தவிடத்து மனைகளும் சாலைகளும் பெருகின. பெருங்குடியில் நகரத்தின் குப்பையும் சதுப்பு நிலத்திலேயே குவிக்கப்பட்டது. நீர் தங்கிய வெளி சுருங்கிற்று, மழையோ சுருங்கவில்லை. 2015-ஆம் ஆண்டிலும், 2023-ஆம் ஆண்டு மிக்ஜாம் புயலின்போதும் வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பகுதிகளில் வீடுகளுள் வெள்ளம் புகுந்தது. எஞ்சிய நிலத்தில் ஏறத்தாழ 1,247 ஹெக்டேர் 2022-இல் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பெற்றமை ஆறுதலளிப்பதாகும்.

இவ்வெள்ளத்தை எவ்வகுப்பின் பாடத்திற் சேர்ப்பது? மழையும் சரிவும் முன்னதற்குரியன. மனையும் தொழிலும் பின்னதற்குரியன. இரண்டையும் இணைத்தாலன்றிக் காரணம் விளங்காது. தொல்காப்பியனார் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருளாக வைத்து, உணவு, தொழில் முதலியவற்றைக் கருப்பொருளாக அதனோடு இயைத்தார். நிலத்தை விலக்கி மாந்தர் வாழ்வை உரைத்தல் தமிழ் மரபன்று.

ஆதலின், மாணவ நண்பர்காள், பெருங்குடி நிலையத்தைக் கடக்கையில் ஒருமுறை தெற்கே நோக்குங்கள். இந்நீர் எங்கிருந்து வந்தது? எவ்வழிச் செல்லும்? அவ்வழியில் வாழ்வோர் யாவர்? இம்மூன்று வினாக்களுக்கும் நிலப்படத்தை விரித்து விடை காண்பவன் தேர்வில் வெல்வதோடு, வீடு கட்டுங்காலத்தும் பிழை செய்யான்.