நிற்காத மிதிகள்

ஓடும் மிதிவண்டியில் மிதிப்பதை நிறுத்தினால் பின்சக்கரத்தில் 'டிக் டிக்' என்று ஓசை எழும். அது ஃபிரீவீலின் ஓசை. மிதி நின்றாலும் சக்கரம் சுழல வழிவிடுவதே ஃபிரீவீலின் வேலை. அதை நீக்கி, பற்சக்கரத்தைக் குடத்தோடு அசையாமல் பிணைத்தால் கிடைப்பது 'பிக்சட் கியர்' வண்டி. இதில் சக்கரம் சுழலும்வரை மிதியும் சுழன்றே தீரும். வட்ட ஓடுதளப் பந்தய வண்டிகள் இவ்வகையின. பல கியர்கள் கொண்ட சாலைப் பந்தய வண்டியின் சட்டத்தை இவ்வாறு மாற்றுவது எப்படி? இக்கேள்விக்கு இயந்திரவியல் தரும் விடையைக் காண்போம்.

சட்டம்: கியர் மாற்றும் டெரெய்லரைக் கழற்றியபின் சங்கிலியின் தொய்வை இழுத்துப் பிடிக்க ஒன்றுமில்லை. சுருள்வில் பொருத்திய வேறொரு கையை வைக்கலாமே எனின், ஆகாது. மிதியைப் பின்னோக்கி அழுத்தும்போது சங்கிலியின் கீழ்ப்பகுதி விறைத்து அக்கையை முறித்துவிடும். எனவே பின்னச்சை நகர்த்தியே சங்கிலியை இறுக்க வேண்டும். அச்சு அமரும் காடி கிடைமட்டமாக நீண்டிருக்கும் பழைய எஃகுச் சட்டங்கள் இதற்கு ஏற்றவை. செங்குத்துக் காடியுள்ள சட்டங்கள் ஏற்றவை அல்ல.

அகலம்: பழைய சாலைச் சட்டங்கள் பலவற்றில் பின்கவட்டின் அகலம் 126 மி.மீ. ஓடுதளக் குடத்தின் அகலமோ 120 மி.மீ. அச்சின் இருபுறமும் 3 மி.மீ. வாஷர் இட்டால் இக்குறை தீரும். முன், பின் பற்சக்கரங்கள் ஒரே நேர்கோட்டில் அமைதல் வேண்டும்; இல்லையேல் சங்கிலி நழுவிச் சக்கரத்தைப் பூட்டிவிடும்.

மரை: பற்சக்கரம் வலது மரையில் ஏறுகிறது. முன்னோக்கி மிதிக்க மிதிக்க அது இறுகும். பின்னோக்கி அழுத்தினால் கழலப் பார்க்கும். இதைத் தடுக்க, அதன்மேல் இடது மரையுள்ள பூட்டு வளையம் ஒன்று திருகப்படுகிறது. பற்சக்கரம் கழலும் திசையே வளையம் இறுகும் திசை! சாதாரணச் சாலைக் குடத்தில் இவ்விடது மரை இல்லை. ஆகவே அதில் பற்சக்கரத்தை மட்டும் திருகி ஓட்டுவது ஆபத்து.

பிரேக்: முன்பல் 48, பின்பல் 16 எனில் மிதியின் ஒரு சுற்றுக்குச் சக்கரம் 3 முறை சுழலும். சக்கரச் சுற்றளவு ஏறத்தாழ 2.1 மீட்டர், வண்டி 6.3 மீட்டர் நகரும். இறக்கத்தில் வேகம் மணிக்கு 45 கி.மீ. ஆனால், கால்கள் நிமிடத்திற்கு ஏறத்தாழ 120 சுற்றுச் சுழல வேண்டும்! அவ்வேகத்தைக் காலால் மட்டும் அடக்குதல் அரிது. மேலும், பிரேக் பிடிக்கும்போது பாரம் முன்சக்கரத்திற்கு மாறுவதால் பின்சக்கரம் எளிதில் வழுக்கும். பிரிட்டனின் 1983ஆம் ஆண்டு விதிகள், சாலையில் ஓடும் இத்தகைய வண்டிக்கு முன்சக்கரப் பிரேக்கைக் கட்டாயமாக்கியது இக்காரணம் பற்றியே எனலாம்.

பாகங்களைக் குறைப்பதால் வண்டி எளிமையாகிறது. ஆனால் அப்பாகங்கள் செய்த பணி மறைந்துவிடுவதில்லை. டெரெய்லரின் பணி காடிக்கும், ஃபிரீவீல் தந்த ஓய்வு நம் கால்களுக்கும் பொறுப்பாக வந்து சேர்கிறது. இதை அறிந்து ஸ்பேனரை எடுப்போர்க்கு மாற்றம் இனிதாகும்.