அடுத்த சொத்தை யாருக்கு?

அன்புள்ள தம்பிக்கு,

ராஜபாளையத்தில் சொந்தமாக கிளினிக் திறந்துவிட்டாய், மகிழ்ச்சி. சொத்தையைச் சுரண்டி அடைக்க உனக்கு நன்றாகவே தெரியும். அடைத்துக்கொண்டு போனவர் அடுத்த வருஷம் இன்னொரு சொத்தையோடு வந்து நிற்காமல் இருக்க என்ன வழி என்று யோசிப்பதுதான் நம் தொழிலின் பாதி. அதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் பல்லைச் சுத்தம் செய்து, ஐந்து விநாடி காற்றடித்து உலர்த்திப் பார். ஈறோரம் சுண்ணாம்பு தடவினாற்போல வெள்ளைத் திட்டு தெரிந்தால், எனாமல் கரைய ஆரம்பித்துவிட்டது என்று பொருள். எச்சில் ஈரத்தில் அது கண்ணுக்குப் படாமல் போகலாம். குழி விழாதவரை அதைத் தடுத்து நிறுத்தலாம், டிரில்லைத் தொடாதே. கடந்த மூன்று வருஷத்துக்குள் சொத்தை அடைத்தவர் என்றால், அதுவே பெரிய எச்சரிக்கை.

“இனிப்பு சாப்பிடுவீங்களா?” என்று கேட்டால் எல்லோரும் “எப்பவாவது” என்பார்கள். “நேற்று எழுந்ததிலிருந்து படுக்கும்வரை எப்பப்போ என்ன சாப்பிட்டீங்க, குடிச்சீங்க?” என்று கேள். எப்போது என்பதுதான் முக்கியம். ஸ்வீடனின் வீப்பெஹோல்ம் காப்பகத்தில் மனவளர்ச்சி குன்றியவர்களின் சம்மதமின்றி ஓர் ஆய்வு நடந்தது. 1954-இல் முடிவுகள் வெளிவந்தன. அந்த அநியாயத்தை நாம் மறக்கக் கூடாது. அந்த ஆய்வு காட்டிய உண்மை இது: சாப்பாட்டோடு உண்ட சர்க்கரையைவிட, இடையிடையே மென்ற ஒட்டும் மிட்டாயே பற்களை அதிகம் அரித்தது. ஒவ்வொரு முறை இனிப்பு பட்டதும் பல்லின்மேல் அமிலம் கூடி, பிஎச் அளவு 5.5-க்குக் கீழே இறங்கினால் எனாமல் கரைகிறது. உமிழ்நீர் அதைச் சரிசெய்ய அரை மணி நேரமாவது பிடிக்கும். எனவே ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவை மதியச் சாப்பாட்டோடு ஒரே தடவையாக முடிப்பவரைவிட, நைட் ஷிப்டில் தூக்கம் வராதிருக்க மணிக்கொரு சர்க்கரை டீ குடிக்கும் மில் தொழிலாளிக்கே ஆபத்து அதிகம்.

மாத்திரைச் சீட்டையும் வாங்கிப் பார். பிரஷருக்கும் மனச்சோர்வுக்கும் தரும் சில மருந்துகள் வாயை உலர்த்திவிடும். ஈறு இறங்கி வேர் தெரியும் பெரியவர்களுக்கு அது இரட்டை ஆபத்து. வேர்ப்பகுதி எனாமலைவிடச் சீக்கிரம் கரையும். கைக்குழந்தையோடு தாய் வந்தால், ராத்திரி சர்க்கரை போட்ட பால் புட்டியோடு பிள்ளை தூங்குகிறதா என்று கேள்.

தண்ணீரைப் பற்றியும் விசாரி. அய்யனார் கோவில் ஆற்று நீர் ராஜபாளையத்துக்குக் குடிநீராகிறது; சுற்றுக் கிராமங்களில் போர்வெல் தண்ணீர் குடிப்பவர்கள் உண்டு. நிலத்தடி நீரில் ஃப்ளூரைடு இடத்துக்கு இடம் மாறும். அதன் அளவு தெரியாமல் ஃப்ளூரைடு மாத்திரை எழுதாதே. ஃப்ளூரைடு பேஸ்ட்டை எல்லோருக்கும் சொல்லலாம். மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு அரிசி அளவு போதும்.

ஆபத்து அதிகமுள்ளவருக்கு ஃப்ளூரைடு வார்னிஷ் பூசி, மூன்று மாதத்தில் திரும்ப வரச்சொல். ஆபத்து குறைந்தவரிடம், “பல் நல்லா இருக்கு, அடுத்த வருஷம் வாங்க” என்று சொல்ல மனசு வேண்டும். வருமானம் குறைந்தாலும் நம்பிக்கை வளரும். ஒவ்வொருவர் கார்டிலும் அவருடைய முக்கியக் காரணம் எதுவென்று ஒரு வரி எழுதிவை: டீயா, மாத்திரையா, புட்டியா. அடுத்த முறை அவர் வந்ததும், வாயைத் திறக்கச் சொல்வதற்கு முன் அதைப் பற்றிக் கேள்.

அன்புடன்,
உன் மூத்த சகா