களர் நிலமே வகுப்பறை

திருச்சிராப்பள்ளியை அடுத்த நாவலூர் குட்டப்பட்டில் 1989-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட வேளாண்மைக் கல்லூரி, களர் பூமியில் அமைந்ததாகும். களரைத் தாங்கி விளையும் திருச்சி 1 முதலிய நெல் இரகங்கள் இங்கிருந்துதான் வந்தன. சுற்றுச்சூழல் ஆலோசகராக விரும்பும் பட்டதாரிக்கு இந்தப் பொல்லாத மண்ணே நல்ல ஆசான்.

பெரிய ஆலை, சுரங்கம், நெடுஞ்சாலை போன்ற திட்டங்கள் முன் அனுமதி பெற, சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை வேண்டும் என்கிறது மத்திய அரசின் 2006-ஆம் ஆண்டு அறிவிக்கை. அங்கீகாரம் பெற்ற ஆலோசனை நிறுவனங்கள் அதனைத் தயாரிக்கின்றன. காற்று, நீர், நிலத்தடி நீர் எனத் துறைக்கொரு வல்லுநர் தேவை. மண்வளப் பாதுகாப்பும் அவற்றுள் ஒன்று. வேளாண் பட்டதாரிக்கு அதுவே வாசல்.

கார அமில நிலை 8.5-க்கு மேலும், பரிமாற்ற சோடியம் 15 சதத்துக்கு மேலும் இருந்தால் களர் என்பது ஏட்டுப் பாடம். ஜிப்சத்திலுள்ள கால்சியம் சோடியத்தை இடம்பெயர்க்கிறது. அதனை நல்ல நீரால் கழுவி வடித்தாக வேண்டும். வடிகால் இல்லையேல் இட்ட ஜிப்சம் வீண். ஆலைக் கழிவுநீரைப் பாசனத்துக்கு விடலாமா என்ற கேள்வி எழும்போதும் இதே கணக்குதான்.

மாதிரி எடுப்பதில்தான் பலர் தவறுகின்றனர். ஸ்ரீரங்கம் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட தீவு. ஆற்றில் நீர் ஓடும்போது கிணறுகளில் ஊற்று பெருகும். மேட்டூர் அணை வழக்கமாக ஜனவரி 28-இல் மூடப்பட்டபின், கோடையில் நீர்மட்டம் இறங்கும். ஐப்பசியில் எடுத்த ஒரு குப்பி நீரைக்கொண்டு சித்திரைத் தண்ணீரைத் தீர்மானிக்க இயலாது. எஞ்சிய சோடியம் கார்பனேட் லிட்டருக்கு 2.5 மில்லி ஈக்விவலன்டைத் தாண்டினால் பாசனத்துக்கு ஆகாது என்பதை எல்லா மாணவரும் ஒப்புவிப்பர். எந்த மாதம், எந்தக் கிணறு, எவ்வளவு நேரம் இறைத்தபின் எடுத்த நீர் என்று குறித்து வைப்பவர் சிலரே. இதற்குத் தேர்வில் மதிப்பெண் குறைவு என்பது வருந்தத்தக்கது.

பொதுமக்கள் கருத்துக்கேட்புக்குக் குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். அறிக்கைச் சுருக்கம் தமிழிலும் கிடைக்க வேண்டும். அங்கே உழவர், "வெள்ளை பூக்குமா, கறுப்புப் படியுமா?" என்பார். அவர் கேட்பது உவரா, களரா என்பதே. இறுதியாண்டில் கிராமத்தில் தங்கிப் பயின்ற மாணவருக்கு இது உடனே விளங்கும். உவருக்கு நீரால் கழுவுதல் போதும், களருக்கு ஜிப்சம் வேண்டும். இரண்டையும் குழப்பினால் உழவரின் பணம் மண்ணோடு போகும்.

கூட்டத்துக்குச் செல்லும் உழவர்கள், மாதிரி எடுத்த தேதியையும் சர்வே எண்ணையும் ஆலோசகரிடம் தவறாமல் கேட்டறிதல் வேண்டும்.