நீரும் பூச்சியும் ஒரே கணக்கு: பாலித் தீவின் சுபாக் முறை தந்த பாடம்

வேளாண் அறிவியல் பயிலும் மூன்றாம் ஆண்டு மாணவர்கள் 22 பேரும் விரிவுரையாளர் இருவரும் கடந்த நீண்ட விடுமுறையில் ஏழு நாள் கல்விச் சுற்றுலாவாக இந்தோனேசியாவின் பாலித் தீவுக்குச் சென்று வந்தோம். "பாலிக்கா? படிக்கவா, கடலில் குளிக்கவா?" என்று கேட்காத நண்பர்களே இல்லை. கடற்கரையைக் கடைசி நாள் மாலையில் இரண்டு மணி நேரம் மட்டுமே பார்த்தோம். மற்ற நாள்களெல்லாம் வயல் வரப்புகளிலேயே கழிந்தன.

என் வீட்டில் கேட்கப்பட்ட கேள்வி வேறு. நான் வேளாண்மையைத் தேர்ந்தெடுத்ததை அப்பா இன்னும் முழுமையாக ஏற்றுக்கொள்ளவில்லை. "பால்மரக் காட்ட விட்டு வெளிய வர நம்ம குடும்பத்துக்கு மூனு தலைமொற ஆச்சு. படிச்சிட்டு மறுபடியும் மண்ணுக்கேவா போகணும்?" என்பார். அந்தக் கேள்வியில் இருக்கும் வலி எனக்குப் புரியும். ஆனால், பதில் சொல்லத் தெரியாமல் இருந்தேன். இச்சுற்றுலாவில் அதற்கான பதிலில் ஒரு பகுதியாவது கிடைத்தது. அதனைத் தமிழ் மாணவர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சுபாக் என்பது என்ன?

பாலி எரிமலைத் தீவு. அங்குள்ள ஆறுகள் ஆழமான பள்ளத்தாக்குகளில் ஓடுகின்றன. வயல்களோ மேலே மலைச்சரிவுகளில் படிப்படியாக அமைந்துள்ளன. ஆகவே, ஆற்றின் மேற்பகுதியில் தடுப்பணை கட்டி, வாய்க்கால் வெட்டி, தேவைப்படும் இடங்களில் மலையைக் குடைந்து சுரங்கம் அமைத்து நீரைக் கொண்டு வருகிறார்கள். தனியொரு விவசாயியால் இதைச் செய்ய இயலாது. ஒரே நீர் மூலத்தைப் பகிர்ந்துகொள்ளும் விவசாயிகள் சேர்ந்து அமைத்துக்கொண்ட சங்கமே சுபாக். இதன் தொடக்கம் 9ஆம் நூற்றாண்டு வரை செல்கிறது. இன்று பாலியில் ஏறத்தாழ 1,200 சுபாக்குகள் உள்ளன. ஒவ்வொன்றிலும் 50 முதல் 400 விவசாயிகள் வரை இருக்கிறார்கள். 2012ஆம் ஆண்டில் யுனெஸ்கோ இம்முறை நிலவும் ஐந்து நிலப்பகுதிகளை, மொத்தம் 19,500 எக்டர், உலக மரபுடைமைப் பட்டியலில் சேர்த்தது.

சுபாக்கின் தலைவரைப் 'பெக்காசே' என்று அழைக்கிறார்கள். அவரை உறுப்பினர்களே தேர்ந்தெடுக்கிறார்கள். ஒவ்வொரு சுபாக்கிற்கும் கோவில் உண்டு. வாய்க்கால் பிரியும் இடத்தில் சிறு கோவில், தடுப்பணை அருகே பெரிய கோவில், அதற்கும் மேலே ஏரிக் கோவில் எனப் படிப்படியாக அவை அமைந்துள்ளன. மத்திய பாலியின் பல சுபாக்குகளுக்கு மேலே இருப்பது பாத்தூர் ஏரியின் தேவிக்கு உரிய உலுன் டானு பாத்தூர் கோவில். இறைவன், மனிதர், இயற்கை ஆகிய மூன்றோடும் இணக்கமாக வாழ வேண்டும் என்னும் 'த்ரி ஹித்த காரணா' கோட்பாடே இவ்வமைப்பிற்கு அடித்தளம் என்கிறார்கள்.

நீரைப் பங்கிடும் மரக்கட்டை

முதல் இரண்டு நாள்களும் தபானான் மாவட்டத்தில், பத்துக்காரு மலையடிவாரத்திலுள்ள ஜாத்திலுவிஹ் வயல்களில் இருந்தோம். அது கடல் மட்டத்திலிருந்து சுமார் 700 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கு இன்னும் உயரமாக வளரும் பாரம்பரிய சிவப்பரிசி நெல்லைப் பயிரிடுகிறார்கள். அது விளைய ஐந்து மாதத்திற்கும் மேலாகும்.

எங்களை முதலில் வியக்க வைத்தது 'தெம்புக்கு' என்னும் மரக்கட்டை. வாய்க்காலின் குறுக்கே கிடத்தப்பட்ட அந்தக் கட்டையில் வெவ்வேறு அகலத்தில் பள்ளங்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. பெரிய பங்கு உடையவர் பக்கம் அகலமான பள்ளம், சிறிய பங்கு உடையவர் பக்கம் குறுகிய பள்ளம். ஆழம் எல்லாவற்றிலும் ஒன்றே. இதில் திறந்து மூடும் கதவு கிடையாது. ஆற்றில் நீர் பாதியாகக் குறைந்தால் எல்லார் பங்கும் ஏறத்தாழ பாதியாகக் குறையும். யாரும் யாரையும் ஏமாற்ற முடியாது. யாராவது கட்டையைச் செதுக்கினால் அடுத்த நாள் காலையில் ஊருக்கே தெரிந்துவிடும்.

ஒன்பதாவது கேள்வி

மூன்றாம் நாள் மலையிலிருந்து இறங்கி, அதே மாவட்டத்தின் சமநிலப் பகுதியிலுள்ள இன்னொரு சுபாக்கிற்குச் சென்றோம். அதன் பெக்காசேவுக்கு அறுபது வயதைத் தாண்டியிருக்கும். எங்கள் கையில் புறப்படும் முன்பே தயாரித்த வினாப்பட்டியல் இருந்தது. அதில் ஒன்பதாவது கேள்வியை எழுதியவள் நான். "நீர் வசதி இருந்தும் ஆண்டுக்கு மூன்று போகம் பயிரிடாமல், வயலைச் சில வாரங்கள் வெறுமனே விடுவது ஏன்? இதனால் ஏற்படும் விளைச்சல் இழப்பை எவ்வாறு ஈடுகட்டுகிறீர்கள்?" என்று மலாயில் கேட்டேன்.

பெரியவர் சிரித்தார். "மூன்று போகம் போட்டோமே, ஆடெக். நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில்," என்றார். பிறகு நடந்ததைச் சொன்னார். அவர் சொன்னதை நாடு திரும்பியபின் நூலகத்தில் தேடிப் படித்தேன். இரண்டும் ஒத்திருந்தன.

1970களில் பசுமைப் புரட்சி பாலிக்கு வந்தது. அதிக விளைச்சல் தரும் குறுகிய கால நெல், இரசாயன உரம், பூச்சிமருந்து ஆகிய மூன்றும் ஒன்றாக வந்தன. இயன்றவரை அடிக்கடி பயிரிட வேண்டும் என்பதே அரசின் அறிவுரை. கோவில் நாள்காட்டிப்படி காத்திருப்பது பழைய வழக்கம் என்று ஒதுக்கப்பட்டது. 1979இல் ஆசிய வளர்ச்சி வங்கியின் நிதியுதவியோடு பெரிய பாசனத் திட்டமும் தொடங்கியது.

தொடக்கத்தில் விளைச்சல் கூடியது உண்மைதான். ஆனால், ஒவ்வொருவரும் தத்தம் வசதிப்படி நட்டதால் எந்த நேரத்திலும் எங்காவது ஒரு வயலில் இளம்பயிர் இருந்தது. புகையான் என்னும் பழுப்பு நிறத் தத்துப்பூச்சிக்கு ஆண்டு முழுவதும் விருந்து. மருந்து அடித்தார்கள். அது புகையானை உண்ணும் சிலந்திகளையும் சேர்த்துக் கொன்றது. பூச்சி முன்னைவிடப் பெருகியது. புகையானைத் தாங்கும் ஐ.ஆர்.36 என்னும் இரகத்தைக் கொண்டுவந்தார்கள். அது துங்ரோ நோய்க்கு இரையானது. இந்நோயைப் பரப்புவது பச்சைத் தத்துப்பூச்சி. நம் நாட்டு விவசாயிகள் 'பெஞாகிட் மேரா' என்று அஞ்சுவது இதே துங்ரோவைத்தான்.

"வயல் சிவப்பாகக் காய்ந்து நின்றது. அம்மா வரப்பில் உட்கார்ந்து அழுததைப் பார்த்தேன்," என்றார் பெரியவர். பிறகு விவசாயிகள் தாங்களாகவே பழைய முறைக்குத் திரும்பினார்களாம்.

கையிலிருந்த தாளைப் பார்த்தேன். நாற்பது ஆண்டுகளுக்கு முன் நிபுணர்கள் கேட்ட அதே கேள்வியை, அவர்கள் செய்த பிழையை அறியாமல், நானும் எழுதி எடுத்துச் சென்றிருக்கிறேன். அன்று எனக்கு உண்மையிலேயே வெட்கமாக இருந்தது.

வெறும் வயல் செய்யும் வேலை

வயலை வெறுமனே விடுவது இழப்பு அன்று. அதுவே பூச்சிக் கட்டுப்பாடு. அருகருகே உள்ள சுபாக்குகள் ஒரே காலத்தில் நட்டு, ஒரே காலத்தில் அறுத்து, ஒரே காலத்தில் வயலை ஓய விட்டால், பூச்சி பறந்து போய்த் தங்க அடுத்த வயல் இராது. உணவின்றி அதன் எண்ணிக்கை சரிந்துவிடும். அறுவடைக்குப்பின் வயலில் வாத்துகளை மேயவிடுகிறார்கள். எஞ்சிய பூச்சிகளை அவை பார்த்துக்கொள்ளும்.

அப்படியானால், தீவிலுள்ள அத்தனை பேரும் ஒரே நாளில் நட்டுவிடலாமே என்று தோன்றும். அங்குதான் சிக்கல். நடவுக்கு முன் சேறடிக்கும் காலத்தில்தான் நீர் மிக அதிகமாகத் தேவை. எல்லாரும் ஒரே நாளில் கேட்டால் ஆறு தாங்காது. ஆளுக்கொரு நாளில் நட்டால் நீர் போதும், பூச்சி பெருகும். எல்லாரும் ஒரே நாளில் நட்டால் பூச்சி குறையும், நீர் போதாது. இரண்டிற்கும் இடைப்பட்ட ஓர் அளவைக் கண்டறிய வேண்டும்.

அமெரிக்க மானிடவியலாளர் ஸ்டீபன் லான்சிங்கும் சூழலியலாளர் ஜேம்ஸ் கிரேமரும் ஓஸ், பெத்தானு ஆகிய இரு ஆறுகளின் 172 சுபாக்குகளைக் கணினியில் மாதிரியாக அமைத்து ஆராய்ந்தார்கள். அந்த ஆய்வு 1993இல் வெளிவந்தது. ஒவ்வொரு சுபாக்கும் தனித்தனியாக நடுவது, எல்லாம் சேர்ந்து நடுவது, நீர்க் கோவில்களை ஒட்டிய குழுக்களாக நடுவது எனப் பல வகையில் சோதித்தார்கள். மிகுந்த விளைச்சல் தந்தது கோவில் குழுக்களின் முறையே. பாலி விவசாயிகள் கணினி இல்லாமலே பல நூற்றாண்டுகளாக அந்த அளவைக் கண்டறிந்து வைத்திருந்தார்கள் என்பது இதனால் தெளிவாயிற்று. பாரம்பரிய முறையின் அருமையை உணரத் தவறியதை வளர்ச்சி வங்கியின் மதிப்பீட்டறிக்கையும் 1988இல் ஒப்புக்கொண்டது. அதற்கு முன்பே, 1986இல், இந்தோனேசிய அரசு நெற்பயிருக்கு 57 வகைப் பூச்சிமருந்துகளைத் தடை செய்திருந்தது.

எனக்கு மிகவும் பிடித்தது இன்னொரு செய்தி. மேட்டில் இருப்பவருக்குத் தண்ணீர் முதலில் கிடைக்கிறது. அவர் ஏன் கீழே இருப்பவருக்காகக் காத்திருக்க வேண்டும்? நல்ல மனத்தினால் மட்டும் அன்று. கீழே இருப்பவர் நீரின்றித் தன் போக்கில் நட்டால், அங்கே பெருகும் பூச்சி மேலேயும் வந்துவிடும். மேலே இருப்பவருக்குப் பூச்சி பற்றிய கவலை. கீழே இருப்பவருக்கு நீர் பற்றிய கவலை. ஒருவரிடம் இருப்பது மற்றவருக்கு வேண்டும். ஆகவே, கோவில் முற்றத்தில் உட்கார்ந்து நாள் குறிக்கிறார்கள். பூசையும் கூட்டமும் அங்கு ஒன்றுதான்.

பழையது எல்லாம் சரி என்று சொல்ல வரவில்லை. புதிய நெல் இரகங்கள் பலரின் பசியைப் போக்கின. 1984இல் இந்தோனேசியா அரிசியில் தன்னிறைவு அடைந்ததற்கு அவையும் காரணம். நாங்கள் பார்த்த சுபாக்கிலேயே இன்று குறுகிய கால நெல்தான் பயிராகிறது. நடும் நாளையும் ஓயும் நாளையும் மட்டும் அவர்கள் கூடி முடிவு செய்கிறார்கள். சுபாக்கிற்கு இன்று வேறு ஆபத்துகள் உள்ளன. வயல்கள் விடுதிகளாக மாறி வருகின்றன. இளைஞர்கள் சுற்றுலாத் துறைக்குச் செல்கிறார்கள். "என் மகன் ஓட்டுநர். யார் பெக்காசே ஆவார் என்று தெரியவில்லை," என்றார் பெரியவர். அப்பாவின் கேள்வியை அங்கே வேறொரு குரலில் கேட்டேன்.

விடைபெறும் முன் நண்பர் ஒருவர், "பூச்சிமருந்தே இல்லாமல் விளைவிக்க முடியுமா?" என்று கேட்டார். பெரியவர் "பீசா!" என்றார். ஒரு கணம் திகைத்தோம். நம் மலாயில் அதற்குப் பொருள் நஞ்சு. இந்தோனேசிய மொழியில் 'முடியும்' என்பது பொருள். திரும்பும் வழியெல்லாம் பேருந்தில் இதையே சொல்லிச் சிரித்து வந்தோம்.

பாட்டியின் சொற்கள்

இக்கட்டுரையை எழுத உட்கார்ந்தபோது எனக்கு ஓர் இடர் வந்தது. தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டு படித்தேன். பிறகு தேசிய இடைநிலைப்பள்ளி. 'பாத்தாஸ்', 'பெண்டாங்', 'தெருசான்' என்னும் மலாய்ச் சொற்கள் உடனே வந்தன. தமிழ்ச் சொற்கள் வரவில்லை. பாட்டியிடம் கேட்டேன். அவர் வாழ்நாள் முழுதும் பால்மரம் வெட்டியவர். நெல் வயலில் இறங்கியதே இல்லை. ஆனால், தஞ்சையிலிருந்து வந்த தம் தந்தையார் பேசக் கேட்டிருக்கிறார். வரப்பு, வாய்க்கால், மடை, நாற்றங்கால், போகம், தரிசு என ஒவ்வொன்றாகச் சொன்னார். நான் எழுதிக்கொண்டேன். புகையான் என்பது மட்டும் தமிழக வேளாண் நூலொன்றில் கிடைத்தது.

பாலியில் வயலுக்கு ஓய்வு கொடுப்பதைப் பாட்டியிடம் விளக்கினேன். "இதுல என்னம்மா அதிசயம்? மரம் எல கொட்டுற மாசத்துல பால் கொறஞ்சிடும். அப்ப ஓயாம வெட்டினா மரம் கெட்டுப் போவும்," என்றார். என் இரப்பர் பாடக் குறிப்பிலும் அதேதான் இருக்கிறது. அந்தப் பாடத்தைப் படித்த நான், ஒரு முறைகூடப் பாட்டியிடம் அதைப்பற்றிக் கேட்டதில்லை.

அப்பாவுக்கு இப்போது நான் சொல்லும் பதில் இதுதான்: மண்ணுக்குத் திரும்பிப் போவது வேறு, மண்ணை அறிந்து போவது வேறு. நம் முன்னோர் தோட்டத்தில் உழைத்தபோது எதை எப்போது செய்வது என்று முடிவெடுக்கும் உரிமை அவர்களிடம் இல்லை. பாலி விவசாயிகளிடம் அந்த உரிமை இருந்தது. அதைப் பறித்தபோது பயிரே கெட்டது. முடிவெடுக்கும் இடத்தில் நம்மவரும் இருக்க வேண்டும் என்றே நான் இத்துறையைப் படிக்கிறேன். அப்பா இன்னும் முழுதாகச் சமாதானமாகவில்லை. ஆனால், சிவப்பரிசிச் சோறு நன்றாக இருந்ததாகச் சொன்னார்.

அடுத்த ஆண்டு கல்விச் சுற்றுலாவுக்குச் செல்லவிருக்கும் இளையோருக்கு ஒரு வேண்டுகோள். எந்த நாட்டிற்குச் சென்றாலும் வினாப்பட்டியலோடு செல்லுங்கள். ஆனால், முதல் கேள்வியாக "ஏன் இப்படிச் செய்யவில்லை?" என்று கேட்காதீர்கள். "ஏன் இப்படிச் செய்கிறீர்கள்?" என்று கேளுங்கள். வீடு திரும்பியதும் அதே கேள்வியை உங்கள் பாட்டியிடமும் கேளுங்கள்.