பழைய வோல்ட்மீட்டர் பொய் சொல்கிறதா?

புக்கிட் பாஞ்சாங் அடுக்குமாடி வீட்டின் சேமிப்பறையில், தாத்தா வைத்திருந்த முள் வோல்ட்மீட்டர் ஒன்று உங்களுக்குக் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது தவறான அளவு காட்டினால் உடனே தூக்கி எறிந்துவிடாதீர்கள். காரணத்தை ஒவ்வொன்றாகத் தேடுவோம்.

உள்ளே, நிலைக்காந்தத்தின் முனைகளுக்கு இடையே ஒரு கம்பிச் சுருள் இருக்கிறது. மின்னோட்டம் பாய்ந்தால் சுருள் திரும்பும். மெல்லிய சுருள்வில் அதைத் தடுக்கும். இரண்டும் சமமாகும் இடத்தில் முள் நிற்கும்.

1. சுழிப் பிழை: எதனுடனும் இணைக்காதபோது முள் 0-வில் நிற்கிறதா? இல்லையெனில் முகப்பிலுள்ள சிறு திருகை மெல்லத் திருப்பிச் சரிசெய்யுங்கள்.

2. இடமாறு தோற்றப் பிழை: பக்கவாட்டில் பார்த்தால் அளவு மாறித் தெரியும். கண் முள்ளுக்கு நேர் எதிரே இருக்கட்டும்.

3. விகிதப் பிழை: ஒரே மின்கல அடுக்கை இலக்க மீட்டராலும் அளந்து ஒப்பிடுங்கள். 1.5, 3, 6 வோல்ட் மூன்றிலும் பழைய மீட்டர் ஒரே விகிதத்தில் குறைத்துக் காட்டினால், காந்தம் வலுவிழந்திருக்கலாம். அல்லது உள்ளிருக்கும் மின்தடையின் மதிப்பு கூடியிருக்கலாம்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் அளவு குறைகிறதா? அப்படியானால் மீட்டரை விட்டுவிட்டுச் சுற்றைப் பாருங்கள்.

6 வோல்ட் மின்கல அடுக்குடன் இரண்டு 10,000 ஓம் மின்தடைகளைத் தொடராக இணையுங்கள். ஒவ்வொன்றின் குறுக்கேயும் 3 வோல்ட் இருக்க வேண்டும். மீட்டர் முகப்பில் 'வோல்ட்டுக்கு 1,000 ஓம்' என்று குறித்திருந்தால், 10 வோல்ட் வீச்சில் அதன் மின்தடை 10,000 ஓம். அதை ஒரு மின்தடைக்குப் பக்க இணைப்பாக வைத்ததும், அந்தப் பகுதியின் மின்தடை 5,000 ஓமாகக் குறைகிறது. சுற்றின் மொத்தம் 15,000 ஓம். ஆகவே முள் காட்டுவது 6 × 5/15 = 2 வோல்ட்!

மீட்டர் பொய் சொல்லவில்லை. அளக்கப் போன அதுவே சுற்றை மாற்றிவிட்டது. பல இலக்க மீட்டர்களின் மின்தடை சுமார் 1 கோடி ஓம் என்பதால், அவை ஏறக்குறைய 3 வோல்ட் காட்டும்.

செய்து பாருங்கள்: டௌன்டவுன் ரயிலில் ரோச்சோர் சென்றால், சிம் லிம் டவர் கடைகளில் மின்தடைகள் வாங்கலாம். அதே மீட்டரை 50 வோல்ட் வீச்சில் வைத்தால் என்ன காட்டும்? முதலில் கணக்கிடுங்கள், பிறகு அளந்து பாருங்கள். (விடை: சுமார் 2.7 வோல்ட்.)

எச்சரிக்கை: மின்கலங்களை மட்டுமே பயன்படுத்துங்கள். 230 வோல்ட் சுவர் மின்செருகியில் பழைய மீட்டரை ஒருபோதும் இணைக்காதீர்கள்.