இகழ்ச்சி மறைக்கும் நோய்

மருத்துவமும் செவிலியமும் பயிலும் இளைஞர்களே, ஒரு காட்சியைச் சிந்தித்துப் பாருங்கள். கால் எலும்பு முறிந்து மருத்துவமனையில் சேர்ந்த ஒருவர், மூன்றாம் நாள் இரவு கைகள் நடுங்க, இல்லாத பூச்சிகளைத் தட்டிவிட்டபடி கூச்சலிடுகிறார். 'குடிகாரன் ரகளை செய்கிறான்' என்று ஒதுங்கினால் அவர் உயிரிழக்கவும் கூடும்.

மதுவின் மந்தப்படுத்தும் ஆற்றலுக்கு ஈடுகொடுத்துப் பழகிய மூளை, மது திடீரென நின்றதும் கட்டுக்கடங்காமல் கிளர்ந்தெழுகிறது. சில மணி நேரத்தில் நடுக்கமும், முதல் 2 நாட்களுக்குள் வலிப்பும், 2 முதல் 4 நாட்களுக்குள் கடும் மனக்குழப்பமும் தோன்றலாம். முன்கூட்டியே அறிந்தால் தகுந்த மருந்துகளாலும் தயமின் என்னும் வைட்டமினாலும் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம்.

ஏன் முன்கூட்டியே அறியவில்லை? சேர்க்கையின்போது, மகள் எதிரில், ஏளனக் குரலில் ஒருவர் கேட்டார்: "குடிப்பீரா?" வெட்கத்தால் அவர் "இல்லை" என்றார். அந்த ஒரு சொல்லே நோயை மறைத்தது. ஆகவே கருணை என்பது சிகிச்சைக்குப் பின் சேர்க்கும் அலங்காரமன்று; நோயறிதலின் முதற்படி அதுவே.

'தானே தேடிக்கொண்ட துன்பம்தானே?' என்று சிலர் கேட்பர். நன்மை எது என்று அறிவதும், அதன்படி நடக்க வல்லவனாவதும் ஒன்றல்ல. தத்துவ அறிஞர்கள் நெடுங்காலமாக ஆராய்ந்துவரும் உண்மை இது. இனிப்பைக் கைவிட இயலாத நீரிழிவு நோயாளிக்கு நாம் கதவை அடைப்பதில்லையே! 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமும் மது, போதைப் பொருள்களால் விளையும் மனநிலைக் கோளாறுகளை மனநோயின் வரையறைக்குள் சேர்த்துள்ளது. ஆயினும் 2019-இல் வெளியான தேசிய ஆய்வின்படி, மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவரே ஏதேனும் உதவி பெற்றிருந்தார்.

கருணை என்றால் தவற்றை ஆமோதிப்பதன்று. குடும்பம் படும் துயரை நோயாளியிடம் மறைக்கவும் வேண்டாம். அவரைத் தனியே அழைத்து, அமைதியாக உண்மையைப் பேசுங்கள்.

ஒரு பயிற்சி: உங்களுக்கு மிகவும் பிடித்த காப்பியையோ கைபேசி விளையாட்டையோ 2 வாரம் விட்டுப் பாருங்கள். மனம் கற்பிக்கும் சாக்குகளையும், உறுதி தளர்ந்த கணங்களையும் நாள்தோறும் எழுதி வையுங்கள். அடிமைநிலையின் வேதனை இதைவிடப் பன்மடங்கு பெரியது. எனினும் அந்தக் குறிப்பேட்டைப் படித்தபின், "எவ்வளவு குடிப்பீர்கள் ஐயா? உங்களுக்கு உதவவே கேட்கிறேன்" என்று நீங்கள் கேட்கும் குரல் மாறியிருக்கும். அந்தக் குரலுக்கே உண்மையான விடை கிடைக்கும்.