தலமரமும் மாத்தளைக் காடும்

ஆலயந்தோறும் தலவிருட்சம் ஒன்றைக் குறித்துப் போற்றுதல் சைவர் மரபு. மூர்த்தி, தலம், தீர்த்தம் என்று மாணவர்க்குக் கூறும் ஆசிரியர், தலத்துக்கு உரிய மரத்தைப் பெயரளவிற் சொல்லி அப்பாற் செல்வர். அவ்வம் மண்ணில் வளரும் மரம் அவ்விடத்து வழிபாட்டோடு பிணைக்கப்பட்டதனால் அன்றோ அது கோடரிக்குத் தப்பியது!

மாத்தளை நாட்டில் இதனை விரித்துரைத்தல் மிக அவசியம். 19ஆம் நூற்றாண்டிலே மலைக்காடுகளை வெட்டிக் கோப்பி நட்டனர். அத்தோட்டங்களில் உழைத்த கைகள் பெரும்பாலும், மன்னாரில் இறங்கித் தம்புள்ளை வழியே கால்நடையாக வந்த நம்மவர் முன்னோருடையன, ஆணை பிறருடையது. மலை முழுதும் ஒரே பயிராய் நின்றமையால், 1869இல் தோன்றிய இலைத்துரு நோய் இருபதாண்டளவிற் கோப்பித் தொழிலை அழித்தது.

எஞ்சிய பெருங்காடு கிழக்கே நக்கிள்ஸ் தொடரில் உளது. அது 2000இல் பாதுகாப்புக் காடாகவும், 2010இல் மத்திய மலைநாட்டின் ஏனை இரு வனங்களோடு உலக மரபுரிமையாகவும் ஏற்கப்பட்டது. மூக்கின் நுனியில் இலைபோலும் உறுப்புடைய ஓணான் ஒன்று இத்தொடரிலன்றி உலகில் வேறெங்கும் இல்லை. இங்கே ஏலம் பயிரிட்டோர், நிழலுக்கெனப் பெருமரங்களை விட்டுக் கீழ்ச்செடிகளைக் களைந்தனர். தூர நின்று நோக்குவார்க்கு அது காடே. முதுமரம் வீழ்ந்தால் அவ்விடத்தில் எழுவதற்குக் கன்று இல்லை. மலைநாட்டின் வெறுஞ்சரிவுகளில் நட்ட பைன் மரமும் அத்தகையதே. பசுமை உண்டு, பறவைக்குக் கனி இல்லை, சருகோ கோடையில் எளிதில் தீப்பற்றும்.

கித்துட் பாளை சீவிப் பாணி காய்ச்சும் அடிவாரச் சிங்களக் கிராமத்தார் மரங்களின் இயல்பை நன்கறிவர். அவரை வினவாது வேலியிடும் காவல் அரைக்காவல் என்பது எமது துணிபு.

யாம் மிஷன் பாடசாலையில் ஓக் மரத்தைப் படத்திற் கண்டு கட்டுரை வரைந்தோம்; முற்றத்து மரத்தின் பெயரை ஒருவரும் வினவிலர். நம் மாணவர்க்கு இருமொழிப் பெயரும் கற்பிக்க. கொன்றை சிங்களத்தில் எஹெல, இலுப்பை, மீ, மருது, கும்புக், நாகமரம், நா. இறுதியிற் கூறியது 1986 முதல் இந்நாட்டின் தேசிய மரம். சுதுகங்கைக் கரைக்கு அழைத்துச் சென்று, மருதின் வேர் கரையைப் பற்றி நிற்றலைக் காட்டுக.

நடுதற்கண் இடம் அறிதல் வேண்டும். சிவனுக்கு உகந்தது என்று கொன்றையை மலையுச்சியில் நடுதல் பயனின்று. அது தம்புள்ளை, நாவுல முதலிய தாழ்நிலத்துக்கு உரியது. மேட்டுப் பாடசாலையார் அவ்வூர் முதியோரைக் கேட்டு நடுக. கொன்றை வித்தின் ஓடு வன்மையுடையது. ஒரு பக்கம் அரத்தால் தேய்த்து ஓரிரவு நீரில் ஊறவிட்டு இடுக. சித்திரையில் இட்டால் ஐப்பசி மழைக்குக் கன்று ஆயத்தமாம்.